பொட்டுள்ள வேலியும் பூட்டிய கதவும்

எத்தனை வயதில் பிள்ளையை வீட்டில் தனியே விட்டுப் போகலாம் என்பது நயினாதீவுக்குப் பிந்தி வந்த கேள்வி. போருக்கு முந்திய தலைமுறைகளில், குடிதண்ணீர் அள்ளப் போன தாயும் கடைக்குப் போன தாயும் அம்மன் கோயில் பூசைக்குப் போன தாயும் பிள்ளையை வளவுக்குள் விட்டுவிட்டுத்தான் போனார்கள். அதைத் துணிச்சல் என்று யாரும் மெச்சவில்லை, கவலையீனம் என்று யாரும் ஏசவுமில்லை. இன்று அதை நினைத்துப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். அது நல்ல காலம், ஆட்களும் நல்லவர்கள், ஆகவே பயமிருக்கவில்லை என்பது ஒரு கட்சி. பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஒன்றும் அறியாத காலம், தப்பியது தெய்வாதீனம் என்பது மற்றக் கட்சி. இரண்டு பேச்சிலும் எனக்கு உடன்பாடில்லை. அன்று அந்தப் பிள்ளை உண்மையில் தனியே நிற்கவில்லை. காணி பிரிந்த முறையும் சீதனம் போன முறையும் வேலி அடைத்த முறையும் சேர்ந்து, தாய் படலையைத் தாண்டுமுன்பே பிள்ளையைச் சுற்றி ஒரு காவலை நிறுத்தியிருந்தன. அந்தக் காவல் கலைந்துபோன பிறகும் பழக்கம் மட்டும் தொடர்கிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

நயினாதீவு சுமார் நான்கு சதுர கிலோமீற்றர் பரப்புள்ள சிறிய தீவு. ஒரு கரையோரம் நாகபூசணி அம்மன் கோயில், சற்றுத் தள்ளி நாகவிகாரை, எதிரே கடலுக்கு அப்பால் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறை. இத்தகைய இடத்தில் ஒரு பெண்ணின் வீடு எங்கே அமையும் என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் சீதனம். யாழ்ப்பாணத்தின் வழமைகளை 1707இல் ஒல்லாந்தருக்காகத் திரட்டி எழுதியவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி. தேசவழமை என்று பெயர் பெற்ற அந்தத் தொகுப்பில் பெண்களின் சீதன உரிமைக்குப் பெரிய இடமுண்டு. தாயின் காணியைப் பங்கிட்டு மகள்மாருக்குக் கொடுக்க, அக்காவின் வீடும் தங்கையின் வீடும் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ எழும்பின. மாப்பிள்ளை அங்கே வந்து சேர்ந்தார். ஆகவே ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கத்து வேலிக்கு அப்பால் பெரியம்மா, மறுபக்கத்து வேலிக்கு அப்பால் சின்னம்மா, பின்வளவில் அம்மம்மா என்பது பல குடும்பங்களில் இயல்பான அமைப்பு. அதே தொகுப்பில் இன்னொரு ஏற்பாட்டையும் காணலாம்: மனைவியை இழந்தவர் மறுமணம் செய்ய விரும்பினால், சிறு பிள்ளைகளை அவருடைய மாமனாரோ மாமியாரோ நெருங்கிய உறவினரோ வளர்ப்பதற்கு எடுத்துக்கொள்வது வழக்கம், அப்போது இறந்த மனைவியின் சீதனம் முழுவதையும், தேடிய தேட்டத்தில் பாதியையும் தகப்பன் பிள்ளைகளோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். பிள்ளையைப் பார்க்கும் பொறுப்பும் அதற்கான சொத்தும் ஒன்றாகக் கைமாற வேண்டும் என்று முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வகுத்திருந்த சமூகம் இது. பிள்ளை வளர்ப்பை யோசிக்காதவர்கள் என்று அவர்களைச் சொல்வது அநியாயம்.

இந்த அமைப்பு தீவுப்பகுதியில் இன்னும் இறுகியதற்கு ஒரு காரணம் உண்டு. மண் வளமும் நல்ல தண்ணீரும் குறைந்த தீவுகளிலிருந்து ஆண்கள் கொழும்புக்கும் தெற்கின் சிறு நகரங்களுக்கும் வியாபாரத்துக்குப் போனார்கள். கடை முதலாளியாகவும் கணக்குப்பிள்ளையாகவும் கடைச் சிப்பந்தியாகவும் இருந்தவர்கள் திருவிழாவுக்கும் நல்லநாள் பெருநாளுக்கும் ஊர் வந்து திரும்பினார்கள். வருடத்தின் பெரும்பகுதி வீட்டில் தாய் ஒருத்திதான். அடுப்படி, ஆடு மாடு, தண்ணீர், கூப்பன் கடை, கோயில் எல்லாவற்றுக்கும் அவளே ஓட வேண்டும். கணவன் வீட்டிலிருந்தால் அவரிடம் விட்டுப் போகலாம். அவர் கொழும்பில் இருக்கும்போது வேலியில்தான் வழி தேட வேண்டும். பனையோலையோ கிடுகோ வைத்து அடைத்த வேலியில் உறவினர் வீட்டுப் பக்கமாக ஒரு பொட்டு விட்டிருப்பார்கள், அல்லது கண்டாயம் வைத்திருப்பார்கள். தெருவில் இறங்காமலே அங்குமிங்கும் போய்வர அது போதும். பிள்ளை அழுதால் அழுகை ஓலைக்குள்ளால் கேட்கும். கேட்டவர் பத்து எட்டில் வந்துவிடுவார். “அக்கா, ஒருக்கால் பிள்ளையைப் பாத்துக்கொள்ளுங்கோ, தண்ணி அள்ளிக்கொண்டு ஓடி வாறன்” என்று வேலிக்கு மேலால் ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவது, பார்த்தால் சின்ன விஷயம். இன்ன நேரத்துக்கு இந்தப் பிள்ளை இன்னார் பொறுப்பு என்பது அந்தக் குரலில்தான் தீர்மானமானது. மூடிய வீட்டுக்குள் பிள்ளையை விட்டுப் போவதற்கும் இதற்கும் பெயர் ஒன்றாக இருக்கலாம், காரியம் வேறு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. அந்த வளவுகள் ஆபத்தில்லாத இடங்கள் அல்ல. கட்டில்லாத கிணறு இருந்தது. ஓலை வேலியில் புடையன் கிடந்தது. இரவில் நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவர்களை எட்டடி விரியன் கடித்தது. எல்லாவற்றிலும் கொடியது விளக்கு. வாய் ஒடுங்கிய பழைய போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட விளக்கு தட்டுப்பட்டால் கவிழும், கவிழ்ந்தால் எண்ணெய் கொட்டித் தீப்பிடிக்கும். இலங்கை முழுவதும் இப்படி எரிந்துபோன உடல்களைச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் கண்டு மனம் பொறாத மருத்துவர் விஜய கொடகும்புர, அடி கனத்ததும் உருளாததும் திருகு மூடியுள்ளதுமான ‘சுதீப’ என்ற சிறிய கண்ணாடி விளக்கை 1992இல் உருவாக்கினார். அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். அதே தொண்ணூறுகளின் முற்பகுதியில், மின்சாரமும் இல்லாமல் மண்ணெண்ணெய்க்கும் தடை இருந்த யாழ்ப்பாணக் குடாநாடு ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெய் விட்டு எரித்துக் காலம் கழித்தது. ஆகவே பழைய வளவைப் பிள்ளைகளின் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. ஆபத்து வந்த கணத்துக்கும் ஒருவர் ஓடிவந்த கணத்துக்கும் இடையிலான நேரம் அங்கே குறுகியதாக இருந்தது என்பதே என் வாதம். கிணற்றில் விழுந்த பிள்ளைக்கு அந்த இடைவெளிதான் உயிர். அந்த இடைவெளியிலும் பிள்ளைகள் இறந்திருப்பார்கள். ஆனால் இன்றைய பூட்டிய வீட்டில் அந்த இடைவெளிக்கு எல்லையே இல்லை.

தாய் தண்ணீருக்குப் போன நேரத்தில் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்ற கவலை தமிழில் மிகப் பழையது. கீரிப்பிள்ளைக் கதையை அறியாதவர் இல்லை. அதன் பின்விளைவு சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலேயே வருகிறது: கீரியைக் கொன்ற பாவத்தால் கணவன் விட்டு நீங்க, கடைத்தெருவில் அலைந்த பார்ப்பனப் பெண்ணுக்குக் கோவலன் பொருள் கொடுத்து வழி செய்கிறான். அவசரப்படாதே என்ற புத்திமதிக்காக இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பஞ்சதந்திரத்தில் கதை தொடங்குகிற விதத்தைக் கவனித்தால் வேறொன்று தெரியும். குளத்துக்குப் போகும் மனைவி, கீரியை நம்பாமல், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி கணவனிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். கணவன் அதைக் கேட்டும், வீட்டை வெறுமையாக விட்டுப் பிச்சைக்குப் புறப்பட்டுவிடுகிறான். தாய் பொறுப்பை ஒப்படைத்தாள். வாங்கியவன் கீழே போட்டான். ஆனால் நாம் சொல்லிவரும் கதையில் பழி தாயின் தலையில்தான் விழுகிறது. பிள்ளை தனியே விடப்பட்ட சம்பவங்களைப் பற்றி இன்று ஊரில் நடக்கும் பேச்சுகளிலும் இதே அநீதி தொடர்கிறது. யார் விட்டுப் போனார் என்று கேட்கிறார்கள். யார் பொறுப்பெடுத்தார், அவர் எங்கே போனார் என்று கேட்பதில்லை.

தீவில் இன்னொரு கணக்கும் உண்டு. பெருநிலத்தில் ‘சற்று நேரம்’ என்றால் அதை ஓரளவு மட்டுக்கட்டலாம். நயினாதீவில் அதைக் கடல் தீர்மானிக்கும். பிரதேச செயலகம் வேலணையில். பெரிய மருத்துவமனை யாழ்ப்பாணத்தில். குறிகட்டுவானுக்குப் படகில் இருபது நிமிடம்தான். ஆனால் படகுக்குக் காத்திருந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, அலுவலகத்தில் வரிசையில் நின்று திரும்பினால் ஒரு பகல் போய்விடும். வடகீழ்ப் பருவக்காற்று மூர்க்கமாகும் கார்த்திகை மார்கழியில் சேவை நின்றுவிட்டால், மத்தியானம் வந்துவிடுவேன் என்று சொன்ன தாய் இரவு முழுவதும் மறுகரையில். எனவே தீவுத் தாய்மார், கரையைத் தாண்டாத பயணத்துக்கு ஒரு விதியும் தாண்டும் பயணத்துக்கு வேறொரு விதியும் வைத்திருந்தது நியாயமே: கிணற்றடிக்குப் போனால் குரல் கொடுத்தால் போதும், வள்ளம் ஏறினால் பிள்ளையை ஒருவர் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டும். வயதைவிடத் தூரத்தையும் திரும்பும் நிச்சயத்தையும் அளவுகோலாக வைத்த இந்த வழக்கம், பல நாடுகளின் சட்டங்களைவிடக் கூர்மையானது என்பேன்.

அப்படியானால் கூட்டிக்கொண்டே போனால் என்ன என்று கேட்கலாம். பெரும்பாலான நாட்களில் அதுவே நல்லது. ஆனால் கூட்டிப் போவதில் ஆபத்தில்லை என்று எடுத்த எடுப்பில் கொள்வது, இந்தக் கடலில் நடந்ததை மறப்பதாகும். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். கடற்படையினர் மீதே குற்றச்சாட்டு எழுந்தது. அதன் பிறகு இந்தத் தீவுகளில் ஒரு தாய் பிள்ளையைப் படகில் ஏற்றுவதா வீட்டில் விடுவதா என்று யோசித்தபோது, தராசின் இரண்டு தட்டிலும் பயம் இருந்தது. தனியே விடுவதன் ஆபத்தை மட்டும் தனியாக எடுத்து நிறுக்கும் அறிவுரைகள் இதனால்தான் எனக்கு அரைகுறையாகத் தோன்றுகின்றன. மாற்றுவழிக்கும் ஒரு விலை உண்டு. அது ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

காவல் கலைந்த வரலாற்றை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 1958, 1977, 1983 வன்முறைகள் தெற்கிலிருந்த கடைகளை அழித்து ஆண்களை ஊருக்கு விரட்டின. பிறகு அவர்களில் பலரையும் அவர்களுடைய பிள்ளைகளையும் வெளிநாட்டுக்கு அனுப்பின. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவுப்பகுதி படையினர் வசமானபோது மக்கள் பெருந்தொகையாகக் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தார்கள். திரும்பி வந்தவர்கள் சிலர். கனடாவிலும் பிரான்சிலும் சுவிஸிலும் இங்கிலாந்திலும் வேரூன்றியவர்கள் பலர். விளைவாக, சின்னம்மாவின் வீடு பூட்டிக் கிடக்கிறது. பெரியம்மாவின் வளவில் பற்றை மண்டியிருக்கிறது. ஓலை வேலி இருந்த இடத்தில் வெளிநாட்டுப் பணத்தில் எழும்பிய மதில் நிற்கிறது. மதிலில் பொட்டு வைப்பதில்லை. அழுகை போய்ச் சேரும் இடத்தில் காது இல்லை. 2015 மே மாதம் புங்குடுதீவில் பள்ளிக்கூடம் போன மாணவி ஒருத்தி கொல்லப்பட்டாள். அந்த வழக்கில் 2017இல் எழுவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அது வீட்டில் நடந்ததல்ல. ஆனாலும் ஆளில்லாத வீடுகளுக்கும் காணிகளுக்கும் நடுவே பிள்ளைகள் வளர்கிறார்கள் என்ற உண்மையைத் தீவுப்பகுதி முழுவதற்கும் அது உணர்த்தியது. நாங்களும் தனியே நின்றுதானே வளர்ந்தோம் என்று மகளுக்குச் சொல்லும் அம்மம்மா பொய் சொல்லவில்லை. தன் காலத்தில் வேலிக்கு அப்பால் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவே.

புலம்பெயர்ந்தவர்களுக்குச் சிக்கல் வேறு வடிவில் வந்தது. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையில் 308ஆம் பிரிவு, பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை முற்றாகக் கைவிடும் நோக்கோடு விட்டுப்போவதைத்தான் குற்றமாக்குகிறது; 1995இல் சேர்ந்த 308அ பிரிவு பதினெட்டு வயதுக்குட்பட்டவரைத் துன்பமோ உடல்நலக்கேடோ விளையும் விதத்தில் வேண்டுமென்றே கவனியாது விடுவதையும் சேர்த்துக்கொண்டது. கடைக்குப் போன பத்து நிமிடத்தை இவற்றில் யாரும் தேடியதில்லை. ஒன்ராறியோவில் 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டம், பதினாறு வயதுக்குக் குறைந்தவரைச் சூழ்நிலைக்கு நியாயமான மேற்பார்வை ஏற்பாடு செய்யாமல் விட்டுப்போகக் கூடாது என்கிறது. இங்கிலாந்தின் 1933ஆம் ஆண்டுச் சட்டமும் பிள்ளையைத் தனியே விடத்தக்க வயது எதையும் குறிக்கவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2015இல், எட்டு வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் முடிந்து மாலை மூன்று முதல் ஐந்து மணிவரை வீட்டில் தனியே விடலாகாது என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திட்டமாக ஒரு வயதைச் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் லேசு என்பார்கள். உண்மைதான், பொலிஸுக்கும் சமூகசேவை அலுவலருக்கும் லேசு. அறிமுகமில்லாத நகரத்தில் புதிதாக வந்திறங்கிய தாய்க்கும் ஒரு பிடி கிடைக்கும். அந்தப் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தவழும் குழந்தைக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தனிமை ஒருபோதும் ஆகாது என்பதில் இரண்டு கருத்துக்கு இடமுமில்லை. ஆனால் அதற்கு மேல், எந்த வயது என்ற எண் மட்டும் போதாது. பக்கத்துக் கதவைத் தட்டினால் திறப்பவர் இருக்கும் ஒன்பது வயதுப் பிள்ளை, யாரையும் தெரியாத மாடிக் குடியிருப்பில் பூட்டப்பட்ட பன்னிரண்டு வயதுப் பிள்ளையைவிடப் பத்திரமாக இருக்கலாம். ஒன்ராறியோச் சட்டத்தின் ‘நியாயமான ஏற்பாடு’ என்ற கருத்து, நயினாதீவின் வேலிக்குரலுக்கு அவ்வளவு தூரமில்லை.

நாம் ஆபத்தை அளக்கும்போது உண்மையில் எதை அளக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஆய்வாளர் மூவர் 2016இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளை தனியே இருந்த சூழலைச் சொல்லி, பெற்றவர் போன காரணத்தை மட்டும் மாற்றி, பிள்ளைக்கு எவ்வளவு ஆபத்து என்று மக்களிடம் கேட்டார்கள். தாய் விபத்தில் அகப்பட்டு வரமுடியாமல் போனாள் என்றபோது ஆபத்து குறைவு என்றார்கள். வேலைக்குப் போனாள் என்றால் கூடுதல். காதலனைச் சந்திக்கப் போனாள் என்றபோது மிகக் கூடுதல். பிள்ளையின் நிலையோ ஒன்றுதான். தாயின் மேல் உள்ள கோபம் ஆபத்தின் அளவாக வேடம் போடுகிறது. நம் ஊர்களில் இதைச் சொல்லியாக வேண்டும். போர் விதவையாக்கிய பெண், கணவன் வெளிநாட்டிலிருக்கும் பெண், கூலிவேலைக்குப் போகும் பெண் என்று எவள் அரைமணிநேரம் பிள்ளையை விட்டுப் போனாலும் கதை படகேறிப் போகும். 2013இல் இலங்கை அரசு ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு செல்வதைக் குடும்பப் பின்னணி அறிக்கை மூலம் தடுத்தது. பொருளாதாரம் சரிந்த 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. பிள்ளையின் தேவை ஒன்பது ஆண்டுகளில் மாறிவிடவில்லை. தகப்பன்மாருக்கு அத்தகைய தடை எப்போதும் இருந்ததில்லை.

இன்னொரு மறுப்பும் உண்டு, என்னைக் கூடுதலாக வருத்துவதும் அதுதான். சுற்றியிருந்த உறவுகளைக் காவல் என்கிறீர்களே, பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தவர்களும் அந்த உறவுகளுக்குள்தானே இருந்தார்கள் என்பது அது. சரியான கேள்வி. பாலியல் துன்புறுத்தல் செய்பவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவரே என்பது உலகெங்கும் உறுதியான உண்மை. இலங்கையில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1998இல் சட்டத்தால் உருவாகி, 1929 என்ற தொலைபேசி இலக்கத்தை அறிமுகப்படுத்தும்வரை, வேலிக்குள் நடந்தது வேலிக்குள்ளேயே புதைந்தது. ஆகவே பலர் கண் படுவது காவல். ஒருவர் கையில் மறைவாக ஒப்படைப்பது காவலாகாது. பழைய வளவில் ஆட்கள் எந்நேரமும் வந்துபோனதால் மறைவு குறைந்தது. அங்கும் மறைவான மூலைகள் இருந்தன, வாய் திறக்க முடியாத பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தக் குறையை ஒப்புக்கொள்ளாமல் பழைய முறையைத் திரும்ப அழைக்க எனக்கு மனமில்லை.

திரும்ப அழைக்கவும் முடியாது, சனம் இல்லை. ஆனால் அந்த அமைப்புச் செய்த வேலையை வேறொன்று செய்யலாம் என்பதற்கு வங்காளதேசம் நல்ல சான்று. அங்கே சிறு பிள்ளைகள் நீரில் மூழ்கியது பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தில், முற்பகலில், தாய் வீட்டு வேலையில் மூழ்கியிருந்த நேரத்தில் என்று ஆய்வுகள் காட்டின. அந்த நேரத்துக்கு மட்டும் ஊர்ப் பெண் ஒருத்தியின் வீட்டிலேயே பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பார்க்கும் ‘ஆஞ்சல்’ என்ற நிலையங்களைத் தொடங்கினார்கள். நீரில் மூழ்கிய மரணங்கள் பெருமளவு குறைந்தன. 2021இல் உலகில் மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள், அவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைப் பார்த்தால், கிணறும் கடலும் சூழ்ந்த தீவு இதைத் தள்ளிப்போட முடியாது. நயினாதீவுக்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. முன்பள்ளி இருக்கிறது, மாதர் சங்கப் பெண்கள் இருக்கிறார்கள். குறை நேரத்தில்தான்: முன்பள்ளி நண்பகலோடு மூடிவிடும், அலுவலகத்துக்கோ மருத்துவமனைக்கோ போன தாய் அப்போது மறுகரையில் படகுக்குக் காத்து நிற்பாள். பார்ப்பவருக்கு முறையான சம்பளம் கொடுத்து, ஒருவருக்கு இருவராக அமர்த்தி, மூடும் நேரத்தைக் கடைசிப் படகு வந்து சேர்ந்த பிறகு என்று வைத்து, படகு ஓடாத நாளில் பிள்ளை எந்த வீட்டில் இரவு தங்கும் என்பதைத் தாயின் கையெழுத்தோடு முன்கூட்டியே எழுதி வைத்தால், இன்று தாயொருத்தி தன் தலைக்குள் தனியே போட்டுக் குழம்பும் கணக்கில் பெரும்பகுதி ஊரின் கணக்காகிவிடும்.